ஜெர்மனிக்கு முதலில் நான் மட்டும் போகலாமா?

கேள்வி: கோவையில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரிகிறேன். 2 ஆண்டுப் பணிக்காக ஸ்டுட்கார்ட்டுக்கு அனுப்புகிறார்கள். கணவரும் 3 வயது மகளும் 3 மாதம் கழித்து வருவார்கள். அதுவரை தனியாகச் சமாளிக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் தனிமையைவிட வீடு கிடைக்காததுதான் உங்களை அதிகம் வாட்டும். ஆண் ஊழியரென்றால் மனைவி உடன்போய்க் குடும்பத்தைப் பார்த்துக்கொள்வார் என்ற பழைய கணக்கையே நிறுவனங்கள் இன்றும் வைத்திருப்பதால், பெண்ணை அனுப்பும்போது குழந்தையைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

ஜெர்மனியில் குடிபுகுந்த 2 வாரத்துக்குள், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்றுடன் முகவரியைப் பதிய வேண்டும். இதை ‘ஆன்மெல்டுங்’ என்பார்கள். குடியிருப்பு அனுமதி, மகளுக்கான மழலையர் காப்பகம் எல்லாம் இதன் பின்னால்தான் நகரும். ஒரு வயது முடிந்த குழந்தைக்குக் காப்பக இடம் 2013 முதல் சட்ட உரிமை. ஆனால் தேவையான இடங்களை உருவாக்காமல் உரிமையை மட்டும் எழுதி வைத்துப் பெற்றோரை அலைக்கழிப்பது என்ன நியாயம்?

இந்த அவசரத்தைத்தான் மோசடிக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். அழகான படம், குறைந்த வாடகை, “நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்” என்றொரு மின்னஞ்சல். நேரில் பார்க்காத வீட்டுக்கு ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். கேட்பவர் தமிழில் பேசுகிறார் என்பதற்காகவும் அனுப்பாதீர்கள். வெப்பமூட்டும் செலவு முதலியவை சேராத 3 மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. “முகவரியைப் பதியாமல் இருந்துகொள்ளுங்கள்” என்பவரின் வீடு வேண்டவே வேண்டாம்.

நேரில் பார்க்காத வீட்டுக்குப் பணம் போகக்கூடாது என்பதற்கு ஒரே விலக்கு, உங்கள் நிறுவனம் அமர்த்திய முகமை தன் ஆளை அனுப்பி வீட்டைப் பார்ப்பது. நிறுவனம் பரிந்துரைத்த முகமை என்பது போதாது. நிறுவனமே கட்டணம் செலுத்தி அமர்த்தியதாக இருக்க வேண்டும், முன்பணமும் நிறுவனத்தின் கணக்கிலிருந்தே போக வேண்டும். உங்கள் கணக்கிலிருந்து போவதாக இருந்தால் இந்த விலக்கு உங்களுக்கு இல்லை.

கணவர், மகள் விசாவுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். நிறுவனத்துக்குள் இடமாற்றமாகும் ஊழியருக்கான ‘ஐசிடி’ அட்டையில் நீங்கள் சென்றால், கணவருக்கு ஜெர்மன் மொழித் தேர்வு கட்டாயமில்லை, அங்கே வேலை செய்யவும் அனுமதி உண்டு. தேர்வு எழுதினால்தான் விசா என்று வகுப்புக்குப் பணம் கேட்கும் முகவரை நம்ப வேண்டாம்.

வீடு கிடைத்ததும் அழைப்புமணியிலும் தபால் பெட்டியிலும் பெயரை ஒட்டுங்கள். அங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவிலக்கம் கிடையாது. பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார்கள். உங்கள் பெயரோடு தந்தை பெயரும் மகள் பெயரோடு கணவர் பெயரும் இருக்குமென்பதால், மூவர் பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். இல்லையென்றால் அரசு அலுவலகக் கடிதம் வாசல்வரை வந்து திரும்பிவிடும்.