நேற்று வேறு மாதிரிச் சொன்னாய்

அன்புள்ள அக்காவுக்கு,

மாங்குளத்துக்கு மேற்கே உள்ள ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். உயிரியல் பிரிவில் இரண்டாம் தடவையாக உயர்தரப் பரீட்சை எழுதப் போகிறேன். முதல் தடவை மூன்று பாடங்களும் சித்தி, ஆனால் பல்கலைக்கழகம் போவதற்கான வெட்டுப்புள்ளிக்குக் கிட்டவும் போகவில்லை. "முல்லைத்தீவுக்குக் குறைந்த புள்ளிதானே, அதையும் எடுக்க முடியவில்லையா?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அம்மா என்னை ஒரு கோப்பை கூடக் கழுவ விடுவதில்லை. அறைக் கதவைச் சாத்திவிட்டு, தம்பியையும் சத்தம் போடாமல் அடக்கி வைத்திருக்கிறார். அப்படியிருந்தும் எனக்குப் படிக்க மனம் வருவதில்லை. காலையில் ஊக்கமூட்டும் காணொளிகள் பார்ப்பேன்; அரை மணி நேரம் உற்சாகமாக இருக்கும், பிறகு போய்விடும். ஒரே பாடத்தை நான்கு தரம் வாசித்திருக்கிறேன், பழைய வினாத்தாளை எடுத்தால் ஒன்றும் நினைவில் இல்லை. 2009 இல் முகாமுக்குள் இருந்து பரீட்சை எழுதியவர்களை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நான் சோம்பேறியா? யாழ்ப்பாணத்தில் அறை எடுத்து ரியூசனுக்குப் போனால் சரிவருமா? ஆர்வம் வர என்ன செய்ய வேண்டும்?

*

அன்புத் தங்கச்சி,

உன் கடிதம் வருவதற்கு முதல் வாரம் உறவினர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கேயும் பரீட்சைக்குப் படிக்கிற ஒரு பிள்ளை இருக்கிறான். மத்தியானம் நாங்கள் எல்லோரும் பாயில் இருந்து சாப்பிட்டபோது அவனுடைய சோற்றுக் கோப்பை மட்டும் மூடிய கதவுக்குள் போனது; அரை மணி நேரத்தின் பின் வெறுங்கோப்பை வெளியே வந்தது. வீட்டுக்கு வந்தவர்களைக்கூட அவன் எட்டிப் பார்க்கவில்லை, பார்க்க விடவும் இல்லை. அந்தக் கதவு என் மனதை விட்டுப் போகாமல் இருந்தபோதுதான் நீயும் ஒரு கதவைப் பற்றி எழுதியிருந்தாய். அதனால்தான் மற்றக் கடிதங்களை ஒதுக்கிவிட்டு உனக்கு முதலில் எழுதுகிறேன்.

நீ சோம்பேறி இல்லை. ஒரு பாடத்தை நான்கு தரம் வாசிக்கிறவளைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. சொந்தக்காரர்களின் பேச்சுக்கு ஒரே பதில்தான். கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான பல்கலைக்கழகக் கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் நாடு முழுவதற்குமான திறமை வரிசையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. முல்லைத்தீவு அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்றாக இருப்பதற்கு நீ காரணம் இல்லை. அந்த இடங்களுக்காக நீ கூச்சப்படவும் தேவையில்லை. யாழ்ப்பாணக் கதையை இப்போதைக்கு விடு. இங்கே சாத்திய கதவுக்குள் நடக்காத படிப்பு, வாடகை கொடுத்துச் சாத்திய கதவுக்குள் மட்டும் நடந்துவிடாது.

2009 ஐ நீ இழுத்ததற்கு மட்டும் உன்னைக் கண்டிக்கத்தான் வேண்டும். அந்த ஆண்டு ஆவணியில் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிலிருந்து பரீட்சைக்குப் போன பிள்ளைகள், சில மாதங்களுக்கு முன் எதையெல்லாம் இழந்துவிட்டு வந்தார்கள் என்பதை நான் அறிவேன். நீ உன்னை அடிப்பதற்குப் பிரம்பாக அவர்களுடைய துயரம் அங்கே கிடக்கவில்லை. "நாங்கள் பங்கருக்குள் இருந்து படித்தோம்" என்று எங்கள் தலைமுறை உங்களைப் பார்த்துச் சொல்லிச் சொல்லியே இந்தப் பழக்கத்தை உங்களுக்குள்ளும் ஏற்றிவிட்டது. பங்கர் இல்லாத இடத்தில் நீங்கள் படிக்க வேண்டும் என்பதுதான் அன்றைக்கு எங்கள் எல்லோருடைய ஆசையும்.

காணொளிகளுக்கு வருகிறேன். கோட்டுப் போட்ட ஒருவர் "உன்னால் முடியும்" என்று சொன்னதும் உனக்கு உடம்பு சிலிர்க்கிறது. எதை முடியும் என்று அவருக்கும் தெரியாது, அந்த நேரத்தில் உனக்கும் தெரியாது. இருதயத்தின் வழியே இரத்தம் ஓடும் பாதையை ஒரு தடையும் இல்லாமல் உன்னால் சொல்ல முடியுமா, முடியாதா? அதற்கு மட்டும் பதில் தேடு. நீ தேடுகிற ஆர்வம் அந்தப் பதிலுக்குப் பின்னால்தான் வரும். நான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் என்னுடைய அம்மம்மா.

1996 ஆடியில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்ட நாங்கள், ஸ்கந்தபுரத்தில் சில மாதங்கள் இருந்துவிட்டு மல்லாவிக்குப் போனோம். ஒரு கொட்டில், அதற்குள் ஏழு பேர். பெரியம்மாவின் மகளும் நானும் 1998 இல் உயர்தரம் எழுத இருந்தோம். வன்னிக்குள் மண்ணெண்ணெய் வருவதற்குக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை அடைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, திரியைக் கொளுத்தினால் ஒரு நாளைக்கு எங்களுக்கு ஒரு மணித்தியால வெளிச்சம் கிடைக்கும். அதற்குப் பிறகு பெரியம்மா வந்து ஊதி அணைத்துவிடுவார். அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் வாசிப்பதை வாசித்துவிட வேண்டும்.

அம்மம்மாவுக்கு இரவில் நித்திரை இல்லை. வாசலடியில் பாக்குரலை வைத்து இடித்துக்கொண்டு இருப்பார். விளக்கு அணைந்த பிறகு நாங்கள் குசுகுசுத்துச் சிரிப்பது அவருக்குப் பொறுக்கவில்லை போலும். ஒரு நாள், "சும்மா கிடந்து இளிக்காமல் படிச்சதைச் சொல்லுங்கோ, கேட்டுக்கொண்டு எனக்கும் நித்திரை வரட்டும்" என்றார். நான் இருதயத்தைச் சொன்னேன். சோணையறை, இதயவறை, வால்வுகள் என்று நான் அடுக்க, அவர் பாக்கை இடித்துக்கொண்டே கேட்டார். எழுதப் படிக்கத் தெரியாத மனிசி, இவருக்கு என்ன விளங்கப் போகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அடுத்த நாள் இரவும் அதையே சொன்னபோது உரல் நின்றது.

"நேற்று வேறை மாதிரிச் சொன்னாய். நெஞ்சிலை இருந்து நுரையீரலுக்குப் போற நாடியிலை ஊத்தை ரத்தம் எண்டாய். இண்டைக்கு நாடியிலை போறது எல்லாம் நல்ல ரத்தம் எண்டுறாய். எது பிள்ளை சரி?"

அந்த இருட்டில் எனக்கு முகம் சுட்டது. இரண்டையும் நான் வாசித்திருந்தேன். இரண்டும் என் கொப்பியில் இருந்தன. இரண்டும் ஒன்றோடொன்று முட்டுகின்றன என்பது அவ்வளவு நாளும் என் கண்ணில் படவே இல்லை. விடிந்ததும் முதல் வேலையாகக் கொப்பியைப் புரட்டினேன். இருதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது நாடி, இருதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது நாளம், உள்ளே ஓடும் இரத்தம் எப்படிப்பட்டது என்பதை வைத்து அந்தப் பெயர்கள் வரவில்லை என்பது அன்று காலையில்தான் எனக்கு உண்மையாக விளங்கியது. இரவு அதை அம்மம்மாவிடம் சொன்னபோது, "இப்ப சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு உரலை எடுத்தார். அன்று எனக்கு வந்த உற்சாகத்துக்கு யாரும் ஊக்கமூட்டவில்லை. அடுத்த நாள் விளக்கு எப்போது கொளுத்துவார்கள் என்று பின்னேரம் முழுவதும் காத்திருந்தேன்.

வெளிச்சம் இல்லாததால் நாங்கள் நன்றாகப் படித்தோம் என்று இதை எடுத்துக்கொள்ளாதே. மூன்று மணித்தியால வெளிச்சம் இருந்திருந்தால் இன்னும் நன்றாகப் படித்திருப்போம். எனக்கு மருத்துவபீடம் கிடைக்காமல் போனதற்கு அந்த வெளிச்சக் குறைவும் ஒரு காரணம் என்றே இன்றைக்கும் நம்புகிறேன். எங்களுக்கு உதவியது இருட்டு இல்லை, கொப்பியைப் பார்க்காமல் இன்னொருவருக்குச் சொன்னதுதான். பல ஆண்டுகளுக்குப் பிறகு, அமெரிக்க உளவியலாளர்களான ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் 2006 இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் படித்தபோது அம்மம்மாவின் உரல் சத்தம் எனக்குத் திரும்பக் கேட்டது. மாணவர்களுக்கு இரண்டு பந்திகளை வாசிக்கக் கொடுத்து, ஒன்றைத் திரும்பவும் வாசிக்க விட்டார்கள். மற்றதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுத வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்ததே முன்னுக்கு நின்றது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, நினைவிலிருந்து எழுதிய பந்தியில் 56 சதவீதமும் திரும்ப வாசித்ததில் 42 சதவீதமும்தான் மிஞ்சியிருந்தன. இன்னொரு சோதனையில், திரும்பத் திரும்ப வாசித்தவர்களே தங்களுக்கு அதிகம் நினைவிருக்கும் என்று நம்பினார்கள்.

நீயும் அந்த நம்பிக்கையில்தான் மாட்டிக்கொண்டாய், தங்கச்சி. நான்காம் தரம் வாசிக்கும்போது வரி எல்லாம் பழகிப்போய், தெரியும் என்று தோன்றும். பிறகு 50 பல்தேர்வு வினாக்கள் உள்ள தாளை இரண்டு மணி நேரம் வைத்துக்கொண்டு இருக்கும்போது ஒன்றும் வராது. உழைத்த உழைப்புக்கு ஒன்றும் வராத இடத்துக்குத் திரும்பிப் போக யாருக்குத்தான் மனம் வரும்? உன் மனம் மறுப்பது நியாயமான மறுப்பு.

ஆகவே அறையை விட்டு வெளியே வா. இன்றைக்கே வா. உன் அம்மா கறிக்கு முருங்கையிலை உருவும்போது பக்கத்தில் இருந்து நீயும் உருவு. உருவிக்கொண்டே, காலையில் வாசித்ததை அவருக்குச் சொல். அவர் வேண்டாம் என்பார், நீ போய்ப் படி பிள்ளை என்பார். இதுவும் படிப்புத்தான் என்று சொல். அவருக்கு விளங்காது என்று நினைக்காதே. நீ எங்கே தடுமாறுகிறாய், எங்கே சுற்றி வளைக்கிறாய், எங்கே நேற்றுச் சொன்னதை இன்று மாற்றுகிறாய் என்பது அவருக்குத் தெரியும். சீட்டுக் காசிலும் கூலிக் கணக்கிலும் யாராவது பேச்சை மாற்றினால் உடனே பிடிக்கிற மனிசிதானே அவர். இரசாயனவியல் கணக்குகளுக்கு இது சரிவராது. அவற்றுக்கு மேசையும் பேனையும் வேண்டும், அதற்கு இரவு இருக்கிறது.

இன்னுமொன்றைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். உன் அம்மா உன்னைக் கோப்பை கழுவ விடாதது அன்பினால். அந்த அன்பை அப்படியே வாங்கிக்கொண்டு கதவுக்குள் இருந்த நீ, அவருடைய களைப்பை ஒவ்வொரு நாளும் கடனாக எழுதி வைத்திருக்கிறாய். கொப்பியைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கடன்தான் முதலில் கண்ணில் படுகிறது. அதனால்தான் உனக்குக் கைபேசி தேவைப்படுகிறது. உன் கடிதத்தில் அம்மா செய்யாமல் விடச் சொன்னவை எல்லாம் இருந்தன. அம்மா என்ன செய்கிறார், எத்தனை மணிக்கு எழும்புகிறார், எப்போது சாப்பிடுகிறார் என்று ஒரு வரி இல்லை. தம்பியையும் சத்தம் போட விடு. அவன் உன் பரீட்சைக்காகப் பிறந்தவன் இல்லை.

ஒரு வாரம் இப்படிச் செய்துவிட்டு எனக்கு எழுது. எத்தனை மணி நேரம் படித்தாய் என்று எழுத வேண்டாம். எந்தப் பாடத்தில், எந்த இடத்தில் அம்மா உன்னை மறித்தார் என்பதை மட்டும் எழுது.

அன்புடன்,
அக்கா