மார்பக அறுவை சிகிச்சைக்குப் பிறகு நீண்ட விமானப் பயணம்: கை வீங்குமா?

கேள்வி: எனக்கு 50 வயது, கும்பகோணம். இரண்டு வருடத்துக்கு முன் புற்றுநோய்க்காக வலது மார்பை எடுத்தார்கள். அக்குளில் 16 நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். கீமோ, ரேடியேஷன் முடிந்து இப்போது புற்றுநோய் திரும்பாமலிருக்க டாமாக்ஸிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரை மட்டும் சாப்பிடுகிறேன். டாலஸில் இருக்கும் மகளுக்குப் பிரசவம். இரண்டு மாதத்தில் கிளம்ப வேண்டும், தோஹாவில் விமானம் மாறுகிறேன். இதே ஆபரேஷன் செய்துகொண்ட தெரிந்தவர் ஒருவர், விமானத்தில் ஏறினால் கை யானைக்கால் மாதிரி வீங்கிவிடும் என்கிறார். சில நாள் சாயங்காலம் வலது கை மோதிரம் கழற்ற வரமாட்டேன் என்கிறது, மற்றபடி கை நன்றாகத்தான் இருக்கிறது. பயந்துபோய் ஆன்லைனில் ஒரு பிரஷர் ஸ்லீவ் (கையை அழுத்திப் பிடிக்கும் உறை) வாங்கி வைத்திருக்கிறேன். போகலாமா, டிக்கெட்டை ரத்து செய்யலாமா?

பதில்: ரத்து செய்ய வேண்டாம் அம்மா, போய் வாருங்கள். ஆனால் கிளம்புவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. மோதிரம் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, விமானத்தைவிட அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கைக்குப் போன ரத்தம் திரும்பும்போது கொஞ்சம் நீரும் புரதமும் திசுக்களிலேயே தங்கிவிடும். மெல்லிய நிணநீர்க் குழாய்கள் அதை உறிஞ்சி, அக்குள் நெறிக்கட்டிகள் வழியாக மறுபடி ரத்தத்தில் சேர்க்கும். டெல்டாக்காரரான உங்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வயலின் வடிகாலில் பாதியை மூடினாலும் சாதாரண நாளில் தண்ணீர் எப்படியோ வடிந்துவிடும், அடைமழையில்தான் தேங்கும். உங்களுக்கு 16 நெறிக்கட்டி எடுத்திருக்கிறார்கள் என்றால் அக்குளை நன்றாகவே சுத்தம் செய்திருக்கிறார்கள். இப்படிச் செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கை வீக்கம் வருகிறது. ஒன்றிரண்டு நெறிக்கட்டிகளை மட்டும் எடுத்துப் பார்த்தவர்களில் இது 100க்கு 5, 6 பேர்தான். அக்குள் பக்கம் ரேடியேஷன் கொடுத்திருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும், உடல் எடை கூடுதலாக இருந்தாலும் கூடும். பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடங்களுக்குள் தலைகாட்டும். நீங்கள் அந்தக் காலத்துக்குள்தான் இருக்கிறீர்கள்.

யானைக்கால் பயத்தை விடுங்கள். அது கொசு மூலம் வரும் புழு நிணநீர்ப் பாதையைக் கெடுப்பதால் வருவது. உங்களுக்கு வரக்கூடிய வீக்கத்தை ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் அந்த அளவுக்குப் போகாமல் கட்டுப்படுத்தி வைக்கலாம்.

உங்களுக்குத் தெரிந்தவர் சொன்னதும் அவராகக் கட்டிவிட்ட கதை இல்லை. நாங்கள் படித்த காலத்தில் டாக்டர்களே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். விமானம் பறக்கும்போது உள்ளே காற்றழுத்தம் தரையில் இருப்பதைவிடக் குறைவு. சுமார் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம், அதாவது ஊட்டியில் உட்கார்ந்திருப்பது போல. வெளி அழுத்தம் குறைந்தால் திசுக்களில் நீர் அதிகம் கசியும், அசையாமல் இருந்தால் அது வடியாது என்று கணக்குப் போட்டார்கள். 1996இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வும் இதற்குத் துணை நின்றது. ஏற்கெனவே வீக்கம் இருந்த 490 பேர் கேள்வித்தாளுக்குப் பதில் எழுதினார்கள், அதில் 27 பேர் விமானப் பயணத்தில்தான் தொடங்கியது என்றார்கள். வீக்கம் வந்தவர்களை மட்டுமே கேட்டால் இப்படித்தான் பதில் வரும். பறந்துவிட்டு ஒன்றும் ஆகாமல் வீட்டுக்குப் போனவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை.

பிறகு நேரடியாக அளந்து பார்த்தார்கள். 2007இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் நடந்த ஒரு படகுப் போட்டிக்கு மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்கள் விமானத்தில் வந்தார்கள், பெரும்பாலோர் கனடாவிலிருந்து. 72 பேருடைய கையைப் பயணத்துக்கு முன்னும் பின்னும் அளந்ததில் 100க்கு 95 பேருக்கு எந்த மாற்றமும் இல்லை. பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் 632 பெண்களைப் பல வருடங்கள் தொடர்ந்து அளந்து 2016இல் வெளியிட்டார்கள். விமானப் பயணம், அந்தக் கையில் ஊசி போடுவது, ரத்தம் எடுப்பது, பி.பி. பார்ப்பது இவற்றுக்கும் வீக்கத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. தொடர்பு தெரிந்தவை நான்கு: அக்குளை முழுதாகச் சுத்தம் செய்தது, நெறிக்கட்டிப் பகுதிக்கு ரேடியேஷன், அதிக எடை, அப்புறம் தோலில் வரும் கிருமித்தொற்று. முதல் இரண்டும் முடிந்துபோன கதை. எடையும் தொற்றும்தான் இன்று உங்கள் கையில் இருப்பவை.

சரி, மோதிரத்துக்கு வருவோம். வெயில் காலத்தில் எல்லோருக்கும் சாயங்காலம் விரல் கொஞ்சம் தடிக்கும். இடது கை மோதிரமும் அப்படியே இறுகினால் கவலை குறைவு. வலது கையில் மட்டும் என்றால் அது ஆரம்ப வீக்கமாக இருக்கலாம். ரவிக்கையின் வலது கை மட்டும் பிடிக்கிறதா, வளையல் அந்தப் பக்கம் மட்டும் தடம் பதிக்கிறதா, கை கனமாக இருக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு தையல்காரர் வைத்திருப்பாரே, அந்த இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு மேஜை மேல் கையை நீட்டி உட்காருங்கள். மணிக்கட்டில் ஓர் அளவு, முழங்கை மடிப்பிலிருந்து 10 செ.மீ. கீழே ஒன்று, 10 செ.மீ. மேலே ஒன்று. பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டு டேப்பை இறுக்காமல் சுற்றுங்கள். இரண்டு கைக்கும் எடுத்து நோட்டில் தேதியோடு எழுதுங்கள். வாரம் ஒரு முறை, அதே நேரத்தில். வலது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு அந்தக் கை இயல்பாகவே கொஞ்சம் பருமனாக இருக்கும், அதனால் ஒரு நாள் அளவை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். ஏதாவது ஓர் இடத்தில் வித்தியாசம் 2 செ.மீ.க்கு வந்தாலோ, வாரத்துக்கு வாரம் ஏறினாலோ அறுவை சிகிச்சை செய்த இடத்தில் உடனே காட்டுங்கள். இரண்டு மாதம் இருக்கிறது. வீக்கம் என்று உறுதியானால் அதற்குள் சிகிச்சையைத் தொடங்கிவிடலாம். அதற்காகவும் பயணத்தை நிறுத்த வேண்டியதில்லை.

ஸ்லீவ் விஷயமும் இந்த அளவைப் பொறுத்ததுதான். வீக்கம் இல்லை என்றால் விமானத்துக்காக ஸ்லீவ் போட்டே ஆக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வீக்கம் இருந்தால் கட்டாயம் போட வேண்டும். ஏறுவதற்கு முன் மாட்டி, இறங்கி வீடு போய்ச் சேர்ந்து சில மணி நேரம் கழித்துக் கழற்ற வேண்டும். ஆனால் அது நீங்கள் ஆன்லைனில் வாங்கியதாக இருக்கக் கூடாது. அளவு பொருந்தாத ஸ்லீவ் என்ன செய்யும் தெரியுமா? கொஞ்ச நேரத்தில் மேல் விளிம்பு சுருண்டு இறங்கி, மேற்கையைக் கயிறு கட்டினாற்போலப் பிடிக்கும். கழற்றிப் பார்த்தால் சிவப்பு வளையமாகத் தடம் இருக்கும். அதற்குக் கீழே கை வீங்கத்தான் செய்யும். வேறு சிலருக்கு மணிக்கட்டோடு ஸ்லீவ் நின்றுவிடுவதால் நீர் புறங்கையில் சேரும். அதனால் உள்ளங்கையையும் மூடும் உறை தேவைப்படலாம். நிணநீர் வீக்கத்தில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் அளவெடுத்துத் தரும் ஸ்லீவ்தான் சரி. எவ்வளவு அழுத்தம் என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். வீட்டில் பல நாள் போட்டுப் பார்த்து, விரல் மரத்துப்போகவில்லை என்று தெரிந்த பிறகே விமானத்தில் போடுங்கள். வீக்கம் இல்லாமலே மன நிம்மதிக்காகப் போட்டுக்கொள்ள ஆசைப்பட்டால் அதற்கும் இதே நிபந்தனைதான். வாங்கிய பணம் போனால் போகிறது.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் கையைவிட எனக்குக் கவலை கெண்டைக்காலைப் பற்றித்தான். டாமாக்ஸிஃபென் சாப்பிடுபவர்களுக்குக் காலின் ஆழ் நாளங்களில் ரத்தம் உறையும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடுகிறது. 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து போகும் பயணமும் தன் பங்குக்கு ஆபத்தை இரட்டிப்பாக்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னபடி ஆரோக்கியமானவர்களில் இப்படிப் பயணத்தில் ரத்தம் உறைவது சுமார் 6,000 பேருக்கு ஒருவருக்குத்தான். ஆக, உங்களுக்கு ஆபத்து பெரிது என்று இல்லை, ஆனால் மற்றவர்களைவிடக் கூடுதல். தோஹாவிலிருந்து டாலஸ் மட்டுமே 15 மணி நேரத்துக்கு மேல். நடைபாதை ஓரத்து இருக்கையாகக் கேட்டு வாங்குங்கள். தூங்காத நேரத்தில் மணிக்கு ஒரு தடவை எழுந்து கடைசி வரை நடந்துவிட்டு வாருங்கள். உட்கார்ந்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். முழங்கால் வரைக்குமான அழுத்தக் காலுறை போடலாம், அதற்கும் அளவு வேண்டும். தூக்க மாத்திரை வேண்டாம். ஆஸ்பிரினை நீங்களாகப் போடவும் வேண்டாம், டாமாக்ஸிஃபெனை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். முன்பு எப்போதாவது காலில் ரத்தம் உறைந்திருந்தாலோ, குடும்பத்தில் அப்படி யாருக்காவது இருந்தாலோ புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லுங்கள், பயணத்துக்கு முன் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி தேவையா என்று அவர் பார்ப்பார். போய் இறங்கிய வாரங்களில் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ தாமதிக்காமல் அமெரிக்காவின் அவசர உதவி எண்ணான 911க்கு அழைக்கச் சொல்லுங்கள்.

வீல்சேர் போட்டுவிடலாம் என்று மாப்பிள்ளை சொல்லக்கூடும். மொழி, வரிசை, கேட் மாறுவது இதற்கெல்லாம் அது உபகாரம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் தோஹாவில் காத்திருக்கும் நேரத்திலாவது எழுந்து நடங்கள்.

கைக்குச் செய்ய வேண்டியது எளிது. மோதிரம், வளையல், கடிகாரம் மூன்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். வலது பக்கத்து ரவிக்கைக் கையில் ஒரு தையல் பிரித்துவிடுங்கள், அல்லது தளர்ந்த சுடிதார் போடுங்கள். அவ்வப்போது விரல்களை மடக்கி விரியுங்கள், முழங்கையை மடக்கி நீட்டுங்கள், தோளை உயர்த்தி இறக்குங்கள், வயிறு எழும்ப மெதுவாக மூச்சு இழுங்கள். தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள். கொறிக்கக் கொண்டுபோகும் உப்புச் சமாச்சாரங்களைக் குறையுங்கள்.

பெட்டி விஷயத்தில் நம் அம்மாக்களை எனக்கு நன்றாகத் தெரியும். பிரசவ மருந்துப் பொடி, அங்காயப் பொடி, வடகம், ஊறுகாய் என்று 23 கிலோவை அரைக் கிலோ மிச்சமில்லாமல் நிரப்புவீர்கள். நிரப்புங்கள், ஆனால் விமான நிலையத்தில் பெட்டி வரும் பெல்ட்டிலிருந்து வலது கையால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். வலது கையைப் பயன்படுத்தவே கூடாது என்பது பழைய பேச்சு. படிப்படியாகப் பழகினால் எடை தூக்குவது நல்லதுதான். பழக்கமில்லாத கையால், களைத்த நேரத்தில், திடீரென்று இழுப்பதுதான் வம்பு. கைப்பெட்டியை மேலே வைக்கப் பணிப்பெண்ணிடமோ பக்கத்து இருக்கைக்காரரிடமோ உதவி கேளுங்கள். பாதுகாப்புச் சோதனையில் சிலிக்கான் மார்பையோ ஸ்லீவையோ தொட்டுப் பார்த்துக் கேட்டால் மருத்துவர் கடிதத்தைக் காட்டுங்கள், தனி அறையில் பெண் அதிகாரி சோதிக்கும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

உண்மையான சோதனை டாலஸ் வீட்டுச் சமையலறையில்தான். பத்தியச் சமையலில் தாளிக்கும்போது தெறிக்கும் எண்ணெய், காய் நறுக்கும்போது விழும் கீறல், குளிர்காலத்தில் வறண்டு வெடிக்கும் தோல், இவற்றின் வழியாகத்தான் கிருமி நுழையும். வடிகால் குறைந்த கையில் அது வேகமாகப் பரவும், ஒரு தடவை வந்தால் வீக்கமும் கூடவே வரலாம். சூடான பாத்திரத்துக்குக் கையுறை, பாத்திரம் தேய்க்க ரப்பர் உறை, தினமும் குளித்தபின் ஏதாவது மாய்ஸ்சரைசர். தேங்காய் எண்ணெய் போதும். காயம் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவி மருந்து தடவுங்கள். கை சிவந்து, சூடாகி, வலியோடு காய்ச்சலும் குளிரும் வந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும், மறுநாள் வரை பொறுக்கக் கூடாது. அங்கே சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் கிடைக்காது. அதனால் இங்கேயே உங்கள் மருத்துவரிடம் பேசி, பெனிசிலின் அலர்ஜி உண்டா என்பதையும் சொல்லி, அவசரத்துக்கு ஒரு கோர்ஸ் எழுதி வாங்கிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். பேரக்குழந்தையை இரண்டு கையாலும் தாராளமாகத் தூக்கலாம். கை கனத்தால் இறக்கிவிட்டு ஓய்வு எடுங்கள், அவ்வளவுதான்.

டாமாக்ஸிஃபென் தங்கும் காலம் முழுவதற்கும் போதுமான அளவு கைப்பையில் இருக்கட்டும், அட்டையோடும் மருந்துச் சீட்டோடும். ஊர் நேரம் மாறுவதால் சில மணி நேரம் முன்பின் ஆனால் ஒன்றும் ஆகாது. பயணக் காப்பீடு எடுக்கும்போது புற்றுநோய் சிகிச்சையை மறைக்காமல் எழுதி, கைத் தொற்றுக்கும் காலில் ரத்தம் உறைவதற்கும் பணம் தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், ஏற்கெனவே இருந்த நோய் என்று பல பாலிசிகள் கைகழுவிவிடும். இடது மார்புக்கு வருடாந்திர மேமோகிராம் அங்கே இருக்கும் மாதங்களில் வருவதாக இருந்தால் அதையும் இங்கேயே முன்கூட்டி எடுத்துவிடுங்கள், அங்கே கைக்காசில் எடுத்தால் பில் மிரட்டும்.