லேத் பட்டறையும் ஒரு பறவையும்

கேள்வி: சிற்பி பிரான்குசியின் ‘வான்வெளியில் பறவை’யைப் படத்தில் பார்த்தேன். சிறகு இல்லை, அலகு இல்லை. லேத் பட்டறையில் கொடுத்தால் ஒரே நாளில் கடைந்து தருவார்களே! ஒழுங்காகச் செதுக்க வராதவர்கள்தான் ‘நவீனம்’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்களா?

பதில்: செதுக்க வராதவரா? ருமேனியக் கிராமம் ஒன்றில் 1876-இல் பிறந்த பிரான்குசி, புக்கரெஸ்டில் கலை மாணவராக இருந்தபோது உடற்கூறியல் மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து, தோலுரித்த மனித உருவம் ஒன்றைச் செய்தார். எந்தத் தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மருத்துவ மாணவர்கள் அதைப் பார்த்துப் படித்தார்கள். 1907-இல் பாரிஸில் புகழ்பெற்ற சிற்பி ரோடினிடம் வேலைக்குச் சேர்ந்தவர், பெரிய மரத்தின் நிழலில் எதுவும் வளராது என்று சொல்லிச் சீக்கிரமே விலகிவிட்டார்.

சரி, பறவைக்கு வருவோம். ருமேனிய நாட்டுப்புறக் கதைகளில் வரும் மாயப் பறவையை 1910 வாக்கில் செய்தார். அதற்குக் கழுத்து, கால், திறந்த வாய் எல்லாம் உண்டு. அப்புறம் முப்பது ஆண்டுகள் பறவையையே திரும்பத் திரும்பச் செய்து, ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார். வாழ்நாளெல்லாம் தான் தேடியது பறத்தலைத்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். சேர்ப்பதைவிடக் கழிப்பதற்குத்தான் நெஞ்சுரம் அதிகம் வேண்டும் என்பேன்.

படத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். அடியில் ஒடிந்துவிடுமோ என்று பயப்படும் அளவுக்கு மெலிந்து, நடுவில் மெல்லப் பருத்து, உச்சியில் சரிவாக வெட்டுப்பட்டு நிற்கிறது. திறந்த வாயில் மிஞ்சியது அந்தச் சரிவுதான். வார்ப்பில் வந்த வெண்கலத்தைக் கையால் அராவி, தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கினார். வெளிச்சம் பட்டால் விளிம்பு எங்கே முடிகிறது என்றே தெரியாது.

உங்கள் லேத் பட்டறைக் கேள்வியை நீதிமன்றத்திலேயே கேட்டுவிட்டார்கள். 1926-இல் இந்தப் பறவைகளில் ஒன்று நியூயார்க்கில் வந்து இறங்கியது. கலைப் படைப்புக்கு வரி கிடையாது. ஆனால் சுங்க அதிகாரிகள் இதைச் சமையல் பாத்திரம், மருத்துவமனைச் சாமான் வகையில் சேர்த்து 40 சதவீதம் வரி போட்டார்கள். வழக்கில், நல்ல மெக்கானிக் ஒருவரால் இதைச் செய்ய முடியாதா என்று சிற்பி எப்ஸ்டைனிடம் கேட்டார்கள். மெக்கானிக்கால் மெருகேற்ற முடியும், மனத்தில் இந்த உருவத்தைக் கருக்கொள்ள முடியாது என்றார் எப்ஸ்டைன். 1928-இல் தீர்ப்பு வந்தது. இதைப் பறவையாகப் பார்ப்பது சிரமம்தான் என்று நீதிமன்றமும் ஒத்துக்கொண்டது. ஆனாலும் அழகானது, தொழில்முறைச் சிற்பி ஒருவரின் சொந்தப் படைப்பு என்று சொல்லி வரியை நீக்கிவிட்டது.