வால்பேப்பர் உரித்த சுவரில் பெயிண்ட் வெடிப்பது பற்றி

வால்பேப்பரை உரித்துவிட்டு ஒரு சுவரில் பெயிண்ட் அடித்ததும் வலை போல வெடித்துவிட்டது, மற்ற சுவர்களை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் மிச்சமிருக்கும் பசைதான் காரணம். காய்ந்திருக்கும்போது கண்ணுக்கே தெரியாது. ஈரக் கையால் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் பசை இன்னும் போகவில்லை.

வெதுவெதுப்பான தண்ணீரில் ஸ்பாஞ்சை நனைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள், இல்லாவிட்டால் அதே பசையைத் திரும்பப் பூசுகிறீர்கள். நன்றாகக் காயட்டும். அப்புறம், பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சாக, ஆயில் பிரைமர் அடிப்பதே நல்லது; தண்ணீர் கலந்த பிரைமர் மிச்சப் பசையை மறுபடி இளக்கிவிடும். பள்ளங்களைப் பட்டி (புட்டி) வைத்து நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்து, பட்டி போட்ட இடத்தில் மட்டும் இன்னொரு கை பிரைமர் அடியுங்கள். வெடித்த சுவரைச் சுரண்டிவிட்டு இதையே செய்யுங்கள். அதன் மேலேயே இன்னொரு கோட் அடித்து மறைக்கப் பார்க்காதீர்கள், தயவுசெய்து.