கார்ட்டூன் பாக்க விருப்பம் எண்டுறத இங்கிலீசில எப்பிடி இயல்பாச் சொல்ற?

நான் களுவாஞ்சிக்குடிப் பக்கம், ஓ எல் சோதினை எடுக்கிற பத்தாம், பதினொராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூசன் குடுக்கிறன், அதால இந்தக் கேள்வியப் பாத்ததும் எழுதாம இருக்க ஏலல்ல. முதல் வகுப்பில பொழுதுபோக்குச் சொல்லுங்க மனே எண்டு கேட்டா அரைவாசிப் பேர் சொல்றது "ஐ லைக் டு சீ கார்ட்டூன்". கேக்கிற ஆளுக்கு விளங்கும்தான், ஆனா காதில இடிக்கும்.

காரணம் நம்மட "பாக்கிற" எண்ட சொல்லு. நிலாவையும் பாக்கிறம், சுகமில்லாத மாமியையும் பாக்கப் போறம், டிவியும் பாக்கிறம், எல்லாத்துக்கும் ஒரே சொல்லு. இங்கிலீசில இருந்து தொடர்ந்து டிவி பாக்கிறதுக்கு "வாட்ச்"தான் வரும், "சீ" எண்டா கண்ணில படுற மாதிரி. அடுத்தது கடைசியில வாற "ஸ்". பொதுவாச் சொல்லக்குள்ள "கார்ட்டூன்ஸ்" எண்டுதான் சொல்லணும், இத நம்மட ஆக்கள் கனபேர் விட்டுர்ற.

ஆகச் சுகமானது "ஐ லவ் வாட்சிங் கார்ட்டூன்ஸ்". "லைக்" போட்டா "டு வாட்ச்", "வாட்சிங்" ரெண்டும் சரி, ஆனா "என்ஜோய்" போட்டா "வாட்சிங்" மட்டும்தான், "என்ஜோய் டு வாட்ச்" பிழை, சோதினையில புள்ளி போகும்.

கூட்டாளிமாரோட கதைக்க எனக்குப் பிடிச்சது "ஐம் இன்டு கார்ட்டூன்ஸ்", கார்ட்டூனில எனக்கு நல்ல விருப்பம் எண்ட கருத்து. நம்மட ஊரில "எனக்குக் கார்ட்டூன் எண்டா உயிர்" எண்டு சொல்லுவமே, அத "கார்ட்டூன் இஸ் மை லைஃப்" எண்டு மாத்தாதீங்க, "ஐம் கிரேஸி அபவுட் கார்ட்டூன்ஸ்" எண்டு சொல்லுங்க, அந்த உயிர் அதில இருக்கு.

என்னட்டப் படிச்ச பொடியன் ஒருத்தன் பாசிக்குடாவில ஹோட்டல் வேலை, ஒருநாள் வெளிநாட்டுப் பிள்ளை ஒண்டு போன்ல டொம் அன்ட் ஜெரி பாத்துக்கொண்டு இருந்திருக்கு, இவன் "ஐ க்ரூ அப் வாட்சிங் திஸ்", இதப் பாத்துத்தான் வளந்தன் எண்டு சொன்னானாம், அந்தப் பிள்ளைட தகப்பன் உடன "மீ டூ" எண்டு சொல்லிக் கதைக்கத் தொடங்கிட்டாராம். அது 1940ல தொடங்கின கார்ட்டூன், அந்த வசனம் அம்மப்பா சொன்னாலும் பொருந்தும், பேரன் சொன்னாலும் பொருந்தும். அத அவன் வந்து சொன்ன அண்டைக்கு எனக்கு மனம் நிறைஞ்சு போச்சு.

இன்னொண்டு, சும்மா கார்ட்டூன் பிடிக்கும் எண்டு சொல்லி நிப்பாட்டாம ஒரு பேரையும் சேத்துச் சொல்லுங்க, "ஐம் ரியலி இன்டு கார்ட்டூன்ஸ், எஸ்பெஷலி ஸ்கூபி டூ" எண்டு. அப்பதான் மற்ற ஆள் அடுத்த கேள்வி கேக்கும்.