மூடிப்போன கம்பனியின் பெயரில் திருகோணமலையில் கடை திறக்கலாமா?

கேள்வி இதுதான்: நான் முன்பு வேலை செய்த படகு எஞ்சின் உதிரிப்பாகக் கம்பனி கலைக்கப்பட்டுவிட்டது. அந்தப் பெயரை இன்னும் எல்லோருக்கும் தெரியும். அதே பெயரில் நான் கடை திறந்தால் சட்டச் சிக்கல் வருமா? பழைய முதலாளியின் மகன் சம்மதக் கடிதம் தருகிறேன் என்கிறார்.

நான் திருகோணமலையில் சின்னக் கம்பனிகளுக்குக் கணக்கு வேலையும் செயலாளர் வேலையும் பார்க்கிறேன். சட்டத்தரணி இல்லை. ஆனால் இதே கேள்வியோடு வருகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

பதிவேட்டில் ஒரு பெயர் காலியாக இருக்கிறது என்றால், அது பதிவேட்டைப் பற்றிய செய்தி மட்டும்தான். அந்தப் பெயரை நம்பிக் கடன் கொடுத்தவர்களும் சம்பளப் பாக்கி உள்ளவர்களும் பொருள் வாங்கியவர்களும் இன்னும் இங்கேயேதான் இருக்கிறார்கள். சிக்கல் வருவது அவர்கள் பக்கமிருந்து.

முதலில் அந்த மகன் தரும் கடிதத்தைப் பார்ப்போம். எல்லோரும் அதைத்தான் பெரிதாக நம்புகிறார்கள். கம்பனியின் பெயர், அதன் நன்மதிப்பு, பதிந்த வியாபாரக் குறி (டிரேட் மார்க்) ஏதாவது இருந்தால் அதுவும், எல்லாம் கம்பனியின் சொத்து. முதலாளியின் வீட்டுச் சொத்து இல்லை. அப்பா பணிப்பாளராகவும் பெரும் பங்குதாரராகவும் இருந்திருக்கலாம், ஆனாலும் அது அப்பாவின் காணி உறுதி போல மகனுக்கு இறங்கி வருவதில்லை. கம்பனி கலைந்தபோது யாருக்கும் பிரித்துக் கொடுக்காமல் மிஞ்சிய சொத்து அரசுக்குப் போகிறது. அப்படியானால் மகன் எதைத் தருகிறார்? 'நான் ஆட்சேபிக்க மாட்டேன்' என்ற அவருடைய சொந்த வாக்கை மட்டும்தான் தருகிறார். அதற்கும் ஒரு பெறுமதி உண்டு, வாங்கி வையுங்கள். ஆனால் அதற்குக் காசு கொடுக்காதீர்கள். இன்னொரு மகனோ, கொழும்பில் இருக்கும் பழைய பங்குதாரரோ நாளைக்கு வந்தால் அந்தக் கடிதம் அவர்களைக் கட்டுப்படுத்தாது.

அடுத்தது, 'கலைக்கப்பட்டது' என்று நீங்கள் சொல்வது எந்த வகையில்? இதைக் கேட்காமல் ஒரு படிகூட எடுத்து வைக்கக் கூடாது. இலங்கையில் இப்போது நடைமுறையில் இருப்பது 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம். நீதிமன்றம் ஒரு கம்பனியை முடிவுறுத்தலாம். பங்குதாரர்களே தீர்மானம் போட்டு, கலைப்பாளரை (சொத்தை விற்றுக் கடனைத் தீர்த்துக் கம்பனியை முடித்துவைப்பவரை) நியமித்து மூடலாம். இரண்டும் இல்லாமல், இயங்காமல் கிடக்கும் கம்பனியின் பெயரைப் பதிவாளர் வர்த்தமானி அறிவித்தலோடு பதிவேட்டிலிருந்து வெட்டிவிடலாம். நம் ஊரில் மூடிப்போன சின்னக் கம்பனிகள் அநேகமாக இந்த மூன்றாவது வகை. கணக்கு அனுப்பவில்லை, வருடாந்த அறிக்கை கொடுக்கவில்லை, கடிதத்துக்குப் பதில் இல்லை, கடைசியில் வெட்டுப்பட்டது.

வெட்டுப்பட்ட கம்பனியில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, பெயர் வெட்டப்பட்டாலும் பணிப்பாளர்களுக்கும் பங்குதாரர்களுக்கும் இருந்த பொறுப்பு அழிவதில்லை, கடன்காரர் அவர்களைத் தொடரலாம். மற்றது உங்களை நேராகத் தொடும். பங்குதாரர் ஒருவரோ கடன்காரர் ஒருவரோ நீதிமன்றத்துக்குப் போய் அந்தக் கம்பனியை மீண்டும் பதிவேட்டில் ஏற்றும்படி கேட்கலாம். உத்தரவு கிடைத்தால், அது கலைக்கப்படவே இல்லை என்ற கணக்கில் பழைய பெயரோடு எழுந்து வரும். ஒரு காணி வழக்குக்காகவோ, எங்கோ தேங்கிய வைப்புப் பணத்துக்காகவோ அப்படி எழுப்புவார்கள். அப்போது அந்தப் பெயரில் கடை நடத்திக்கொண்டிருப்பவர் நீங்கள்.

பெயர் அனுமதி கிடைத்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைப்பவர்கள் உண்டு. கம்பனிப் பதிவாளர் பார்ப்பது பதிவில் உள்ள வேறு கம்பனியின் பெயரோடு அப்படியே ஒத்திருக்கிறதா, அவரது பார்வையில் பெயர் ஆட்களைத் தவறாக வழிநடத்துமா என்பதுதான். பதிந்த பிறகும் மாற்றச் சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு. நீங்கள் தனியாள் வியாபாரமாக, பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிவதாக இருந்தாலும் நிலைமை அதேதான். அந்தச் சான்றிதழ், இந்தப் பெயரில் வியாபாரம் செய்கிறவர் இன்னார் என்று உலகத்துக்குக் காட்டும் தாள். அந்தப் பெயருக்கு நீங்கள்தான் சொந்தக்காரர் என்று அது எங்கும் சொல்லவில்லை. பிரதேச செயலகம் பதிந்து தந்த பெயரை, அதில் உரிமை உள்ள வேறொருவர் நீதிமன்றத்தில் தடுக்க முடியும்.

அந்த உரிமை எங்கிருந்து வருகிறது? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்திலிருந்து. வியாபாரப் பெயருக்குப் பதிவு இல்லாவிட்டாலும் அந்தச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. அதன் 160ஆம் பிரிவு நியாயமற்ற போட்டியைப் பற்றியது, வாடிக்கையாளர் இரண்டு வியாபாரங்களைக் குழப்பிக்கொள்ளும்படி நடப்பதும் அதற்குள் வரும். கம்பனியின் பெயரோ சின்னமோ வியாபாரக் குறியாகப் பதியப்பட்டிருந்தால் அது பத்து வருடத்துக்குச் செல்லும், புதுப்பித்துக்கொண்டே போகலாம். கம்பனி மூடுவதற்கு முன்பே அந்தக் குறியை வேறு யாருக்காவது எழுதிக் கொடுத்திருந்தால்? கம்பனி போய்விட்டது, குறி இன்னொருவர் கையில் உயிரோடு இருக்கிறது. இப்படியான வழக்குகள் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்துக்குப் போகும். இங்கிருந்து ஒவ்வொரு தவணைக்கும் கொழும்புக்குப் போய் வருவது என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும்.

உங்கள் தொழிலுக்கென்றே இன்னொன்று. பழைய கடைக்கு முன்னால் யமஹா, சுசுகி என்று எழுதியிருந்தால், அது அந்தக் கம்பனிக்கு இருந்த முகவர் ஒப்பந்தத்தால் வந்தது. அந்த ஒப்பந்தம் உங்களிடம் இல்லை. அந்த உதிரிப்பாகங்களை விற்பதில் பிழை இல்லை, அங்கீகாரம் பெற்ற முகவர் என்று காட்டிக்கொள்வதுதான் பிழை. 'நிறுவியது இந்த ஆண்டில்' என்று பழைய ஆண்டைப் பலகையில் எழுதுவதும் அப்படித்தான். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதைத் தடை செய்கிறது. கம்பனி பதியாமல் பெயருக்குப் பின்னால் 'லிமிடெட்' போட்டுக்கொள்வது தனிக் குற்றம். பழைய பில் புத்தகமும் ரப்பர் முத்திரையும் கையில் இருந்தால் அவற்றைத் தொடவே வேண்டாம், அவற்றில் இருக்கும் பதிவு இலக்கம் உங்களுடையது இல்லை.

நடைமுறையில் முதலில் வெடிப்பது வங்கியில்தான். எனக்குத் தெரிந்த ஒருவர் இதே மாதிரி பழைய பெயரில் கடை போட்டார். நிலாவெளிப் பக்கத்து விடுதி ஒன்று, பழைய பழக்கத்தில் '(பிரைவேட்) லிமிடெட்' வரைக்கும் முழுப் பெயரையும் எழுதி, மூலையில் இரண்டு கோடு போட்ட செக் ஒன்றைக் கொடுத்தது. இவருடைய கணக்கு வெறும் வியாபாரப் பெயரில். காசாளர் செக்கையும் வைப்புச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலை எழுத்துக்குக் கீழே ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். மாற்றி எழுதித் தரும்படி விடுதிக்குப் போனபோதுதான் அது இவர் விற்ற பொருளுக்கான காசே இல்லை என்று தெரிந்தது. பழைய கம்பனி மூடுவதற்கு முன் அனுப்பிய பில்லுக்கு விடுதியின் கணக்காளர் இப்போது காசு கட்டியிருக்கிறார். அந்தச் செக் மாறியிருந்தால் இவர் கையில் வந்திருப்பது பிறர் பணம். கலைப்பாளர் இருந்தால் அவருக்குச் சேர வேண்டியது, கம்பனி வெட்டுப்பட்டிருந்தால் அரசுக்கு. தெரிந்துகொண்டே அதைச் செலவழித்தால் விஷயம் பொலிசு வரைக்கும் போகலாம்.

வேலையாட்கள் பக்கமும் யோசியுங்கள். பழைய கம்பனி ஊழியர் சேமலாப நிதி கட்டாமல் விட்டிருந்தால், பணிக்கொடை கொடுக்காமல் விட்டிருந்தால், அதே பெயர், அதே கடை, அதே ஆட்கள் என்று பார்க்கிற தொழிலாளி உங்களைத்தான் தேடி வருவார். தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு போனால், அது வேறு வியாபாரம், நான் வேறு ஆள் என்று காட்டும் வேலை உங்கள் தலையில் விழும். சட்டப்படி அந்தப் பாக்கி உங்களுடையது இல்லாமல் இருக்கலாம், ஆனால் பெயரும் இடமும் ஒன்றாக இருக்கும்போது அதை நிரூபிக்க மாதக்கணக்கில் அலைய வேண்டும். நீங்களும் அங்கே வேலை செய்தவர், உங்களுக்கும் பாக்கி இருந்தால் அதை முதலில் கேளுங்கள்.

லண்டனில் இருக்கும் மச்சான் காசு போடுகிறார், அவரும் பணிப்பாளர் என்று சிலர் வருவார்கள். அப்படியானால் ஒன்று தெரிந்திருக்கட்டும். இங்கிலாந்தில் 1986ஆம் ஆண்டின் நொடிப்புச் சட்டம், 216ஆம் பிரிவு: கடன் கட்ட முடியாமல் கலைப்புக்குப் போன கம்பனியில் அதற்கு முந்திய 12 மாதத்துக்குள் பணிப்பாளராக இருந்தவர், 5 வருடத்துக்கு அதே பெயரிலோ ஒத்த பெயரிலோ அங்கே வியாபாரம் நடத்த முடியாது. சில விதிவிலக்குகள் உண்டு. மீறினால் குற்றம், புதுக் கம்பனியின் கடனுக்குச் சொந்தக் கையிலிருந்து பொறுப்பு. அது அந்த நாட்டுச் சட்டம், உங்கள் கடையை அது தொடாது. ஆனால் அங்கே மூடிய கம்பனியின் பெயரை அங்கேயே திரும்பப் பாவிக்க நினைப்பவருக்கு இது பொருந்தும்.

என் அபிப்பிராயம் கேட்டால், அந்தப் பெயரை எடுக்காதீர்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் குச்சவெளியிலும் இருக்கும் படகுக்காரர்கள் உங்கள் கைபேசி இலக்கத்தைத்தான் வைத்திருக்கிறார்கள். எஞ்சின் நடுக்கடலில் நின்றால் அவர்கள் அழைப்பது உங்களை. புதுப் பெயரை வைத்து, 'முன்பு இன்ன இடத்தில் வேலை செய்தவர்' என்ற உண்மையைச் சின்ன எழுத்தில் போடுங்கள். உண்மையைச் சொல்வதை யாரும் தடுக்க முடியாது, அதையே பெயர் மாதிரிப் பெரிதாக எழுதினால்தான் பிரச்சினை.

இல்லை, அந்தப் பெயர்தான் வேண்டும் என்றால், கம்பனிப் பதிவாளரிடம் கட்டணம் கட்டி அந்தக் கம்பனியின் கோப்பைப் பாருங்கள். எந்த வகையில், எந்தத் திகதியில் மூடப்பட்டது, பங்குதாரர் யார், ஈடு ஏதும் பதியப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உண்மையில் அது இன்னும் கலையவே இல்லை, சும்மா இயங்காமல் கிடக்கிறது என்று தெரிந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். பங்குதாரர்களே விசேட தீர்மானம் போட்டுக் கம்பனியின் பெயரை மாற்றிக்கொண்டு, பழைய பெயரை உங்களுக்கு எழுத்தில் விட்டுக்கொடுக்கலாம். அதுதான் சுத்தமான வழி. வியாபாரக் குறிகளைப் பதியும் தேசிய புலமைச் சொத்து அலுவலகமும், கம்பனிப் பதிவாளர் இருக்கும் கொழும்பு 10 சமாகம் மெதுர கட்டடத்தில்தான் இருக்கிறது, ஒரே பயணத்தில் குறித் தேடலையும் முடித்துவிடலாம். குறிகளைப் பொருள், சேவை வாரியாக வகுப்புகளாகப் பிரித்துத்தான் பதிகிறார்கள்; படகு எஞ்சினுக்கு 7ஆம் வகுப்பு, கடை வியாபாரத்துக்கு 35ஆம் வகுப்பு, இரண்டிலும் தேடச் சொல்லுங்கள்.