மனநலம்: கேள்வி - பதில்

2021-ல் கோவிட் ஐ.சி.யு.வில் வேலை பார்த்த செவிலியர் என் மகள். இப்போதும் குக்கர் விசில் கேட்டால் தூக்கிவாரிப் போடுகிறது. அந்த ஐ.சி.யு. இருந்த மாடிப் பக்கமே போக மாட்டேன் என்கிறாள். போகப் போகச் சரியாகிவிடுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருநெல்வேலி

இனியும் காத்திருக்காதீர்கள். 2021 மே மாதம் ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸ்கள் மருத்துவமனை வாசலில் வரிசைகட்டி நின்றன. உள்ளே மானிட்டர் அலறினால் யாருக்கோ ஆக்சிஜன் இறங்குகிறது என்று அர்த்தம். அந்தச் சத்தத்துக்கு ஓடி ஓடிப் பழகிய உடம்புக்கு, குக்கர் விசிலும் மானிட்டர்தான்.

அதிர்ச்சிக்குப் பின் சில வாரங்கள் இப்படி இருப்பது இயல்பு. பெரும்பாலானோருக்குத் தானாக அடங்கிவிடும். கெட்ட கனவு, திடுக்கிடல், தவிர்த்தல் எல்லாம் ஒரு மாதம் தாண்டியும் நீடித்து வேலையையோ வீட்டையோ பாதித்தால் பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலப் பாதிப்பு) என்று சந்தேகிக்க வேண்டும். அந்த மாடியைத் தவிர்ப்பதில் அன்றைக்கு நிம்மதி கிடைக்கும், ஆனால் பயம் வளரும். அதற்காக நீங்கள் கையைப் பிடித்து அழைத்துப் போய்விடாதீர்கள். உளவியல் சிகிச்சையில் முதலில் படிக்கட்டு, பிறகு வராண்டா என்று படிப்படியாகப் பழக்குவார்கள். பொதுவாக 8 முதல் 12 அமர்வுகள்.

இன்னொன்று: கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று வார்டு ஊழியர்கள் சிலர் தூக்கத்துக்கு அல்பிரசோலம் என்ற பதற்றத் தணிப்பு மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார்கள். பி.டி.எஸ்.டி.யை அது குணப்படுத்தாது, பழக்கமாகிவிடும். மகளிடம் இதைக் கேட்டுவிடுங்கள். 14416 (டெலி மானஸ்) அரசின் இலவச மனநல உதவி எண். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். 'வாழ்ந்து என்ன' என்கிற மாதிரி பேச்சு வந்தால் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

தொற்றுக் காலத்தில் ஊழியர்களை ஒரு நாள் உட்காரவைத்து, நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்க்கச் சொல்லலாமா?
- மருத்துவமனை நிர்வாகி, ஈரோடு

கட்டாயப்படுத்த வேண்டாம். ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைப்பது பி.டி.எஸ்.டி.யைத் தடுப்பதில்லை, சிலருக்கு இன்னும் மோசமாகியிருக்கிறது. பேச விரும்புகிறவருக்குக் காது கொடுங்கள், அது போதும்.

யோகா வகுப்புக்கு முன்னால் டியூட்டி பட்டியலைத் திருத்துங்கள் என்பது எங்கள் கட்சி. கவச உடைக்குள் 6 மணி நேரம் தண்ணீரும் கழிப்பறையும் இல்லாமல் நின்றவருக்கு மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்தால் எரிச்சல்தான் வரும். நடுவில் மாற்றிவிட ஆள் போடுங்கள். தொடர்ந்து மூன்று இரவுக்கு மேல் வேண்டாம். புதியவரை அனுபவசாலியுடன் ஜோடி சேருங்கள். சாகக் கிடப்பவரின் முகத்துக்கு நேரே செல்போனைப் பிடித்து வீட்டாருக்கு வீடியோ காலில் காட்டும் வேலையை ஒரே செவிலியர் தலையில் கட்டாதீர்கள். அதைச் செய்தவருக்கு உடனே அடுத்த படுக்கையைக் கொடுக்காமல் 15 நிமிடம் வெளியே அனுப்புங்கள்.

நைட் டியூட்டி முடிந்து படுத்தால் தூக்கம் வருவதில்லையே?
- வாசகர், மதுரை

காலை 9 மணிக்குப் படுப்பவர் கடைசி டீயை அதிகாலை 3 மணிக்குள் முடித்துவிட வேண்டும். உள்ளே போன காஃபீனில் பாதி வெளியேறவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். ஜன்னலுக்குக் கெட்டித் திரை, போன் அடுத்த அறையில். நடு இரவில் 20 நிமிடக் குட்டித் தூக்கத்துக்கு வழியிருந்தால் விடாதீர்கள். கண் சொருகினால் டூவீலரைத் தொடவேண்டாம், பஸ்ஸில் போங்கள்.